டேண்டம் சைக்கிளில் நெடும்பயணம்: கிளம்பும் முன் கோளாறுகளைப் பிடிப்பது எப்படி

இருவர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து இருவருமே மிதிக்கும் டேண்டம் சைக்கிளை நம் ஊர் ‘டபுள்ஸ்’ மாதிரி நினைத்துவிடக் கூடாது. டபுள்ஸில் ஒருவர் மிதிப்பார், மற்றவர் சுமை. டேண்டத்தில் இரண்டு பேரின் கால் பலமும் ஒரே பின் சக்கரத்தில் இறங்குகிறது. செயின் இரண்டு, கேபிள் ஒன்றரை மடங்கு நீளம், எடை இரு மடங்கு. ஒற்றைச் சைக்கிளில் ஆறு மாதம் தாக்குப்பிடிக்கும் ஒரு சிறு தளர்வு இதில் ஆறு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும்.

என் அக்காவுக்குப் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. சின்ன வயதில் எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்ததே அவள்தான். அவளுக்காகத்தான் இங்கிலாந்தில் ஒரு பட்டறையில் அளவு கொடுத்து டேண்டம் செய்துகொண்டோம். நான் 178 செ.மீ., அவள் 152 செ.மீ. கடையில் தயாராக நிற்கும் எந்தச் சட்டமும் எங்கள் இருவருக்கும் சேர்ந்து பொருந்தவில்லை. தென்மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்டிலிருந்து ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கோடியில் இருக்கும் ஜான் ஓ குரோட்ஸ் வரை போவது என்று முடிவு. வழக்கமான சாலைவழி 874 மைல், அதாவது 1,407 கி.மீ. லாரி ஓடாத சின்னச் சாலைகளைத் தேடிப் போனால் 1,500-ஐத் தாண்டும். இந்தப் பாதையில் டேண்டத்தைச் சோதிப்பது ஸ்காட்லாந்து மலைகளைவிட முதல் மூன்று நாட்கள்தான். கார்ன்வாலிலும் டெவனிலும் சாலை ஓயாமல் செங்குத்தாக ஏறி, உடனே செங்குத்தாக இறங்கும். இறக்கத்தின் அடியில் குறுகிய பாலமோ வளைவோ காத்திருக்கும்.

அதனால் முதல் வேலை, பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே எல்லாச் சாமானையும் ஏற்றிக்கொண்டு மேடுள்ள பகுதியில் இரண்டு நாள் ஓட்டிப் பார்ப்பது. சமதரையில், சுமை இல்லாமல் ஓட்டிப் பார்த்தால் கீழே சொல்லும் கோளாறுகளில் பாதிகூடத் தலைகாட்டாது.

ஓட்டும்போது ஏதாவது சத்தமோ அதிர்வோ வந்தால் உடனே ஸ்பேனரை எடுக்காதீர்கள். முதலில் அது எப்போது வருகிறது என்று பாருங்கள். மிதிக்கும்போது மட்டும் வந்தால் கிராங்க் (பெடலைத் தாங்கும் கை), பெடல், செயின் பக்கம் தேடலாம். மிதிக்காமல் உருளும்போதும் வந்தால் சக்கரம், ஹப் (சக்கரத்தின் நடு உருளை), ரேக் (சாமான் தாங்கி). பிரேக் பிடிக்கும்போது மட்டும் என்றால் ரோட்டரும் (டிஸ்க் பிரேக்கின் தகடு) ஹெட்செட்டும் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்துப் பேரிங்). அப்புறம், பின்னால் இருப்பவர் சொல்வதை முழுசாக நம்புங்கள். அவர் பின் அச்சுக்குப் பக்கத்தில், காற்றிரைச்சல் குறைந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் வண்டியில் வந்த பெரிய கோளாறுகளை எல்லாம் அக்காதான் முதலில் சொன்னாள். ஒன்றிரண்டை நான் அசட்டை செய்து, பிறகு சாலையோரத்தில் நின்று சரிசெய்ய வேண்டி வந்தது.

டைமிங் செயின் கழன்று விழுகிறது

இரண்டு கிராங்குகளையும் இணைக்கும் செயின் இது. பெரும்பாலான டேண்டங்களில் இடப்பக்கம் ஓடும். இது விழுந்தால் முன்னால் இருப்பவரின் மிதி சட்டென்று வெறுமையாகச் சுழலும், பின்னால் இருப்பவர் மட்டுமே வண்டியை இழுத்துக்கொண்டிருப்பார். ஏற்றத்தில் இப்படி ஆனால் இருவரும் சாய்ந்து விழ வாய்ப்பு உண்டு.

முதலில் தொய்வைப் பாருங்கள். இரண்டு பல்சக்கரங்களுக்கும் நடுவில் செயினை விரலால் மேலும் கீழும் அசைத்தால் மொத்தம் ஒன்று முதல் ஒன்றரை செ.மீ. வரை ஆட வேண்டும். இதை ஒரே இடத்தில் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். கிராங்கை மெதுவாகச் சுற்றிக்கொண்டே பார்த்தால் ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் தளரும். இறுகும் இடத்தில் இந்த அளவு இருக்க வேண்டும்.

இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தால், தொய்வைச் சரிசெய்து பயனில்லை. பல்சக்கரம் மையத்தில் உட்காரவில்லை என்று பொருள். கிராங்கை இறுகும் இடத்தில் நிறுத்தி, பல்சக்கர போல்ட்டுகளைக் கால் சுற்று தளர்த்தி, செயினின் நடுவில் லேசாகத் தட்டுங்கள். பல்சக்கரம் மயிரிழை நகரும். மறுபடி முடுக்கிச் சுற்றிப் பாருங்கள். முன்னும் பின்னுமாக இரண்டு பல்சக்கரங்களுக்கும் இதையே மூன்று நான்கு முறை செய்ய வேண்டி வரும். பொறுமையாகச் செய்தால் வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துவிடும்.

தொய்வை மாற்றுவது முன் கிராங்க் அச்சைத் தாங்கும் எக்சென்ட்ரிக் என்ற உருளை. அதன் துளை நடுவில் இல்லாமல் ஒதுங்கி இருக்கும். உருளையைத் திருப்பினால் அச்சு முன்னோ பின்னோ நகரும், செயின் இறுகும் அல்லது தளரும். சிலவற்றைக் கீழிருந்து திருகுகள் பிடித்திருக்கும். சிலவற்றில் உருளையே ஆப்பு வைத்தாற்போல உள்ளே விரிந்து பிடித்துக்கொள்ளும். திருகு வகையில் ஒரு தொல்லை உண்டு. திருகின் முனை உருளையில் குழி பதித்துவிடும். நீங்கள் நுணுக்கமாகத் திருப்பி முடுக்கினாலும், திருகு பழைய குழிக்குள்ளேயே வழுக்கிப் போய் உட்காரும். அப்படி ஆனால் உருளையைப் பக்கவாட்டில் இரண்டு மி.மீ. தள்ளுங்கள், அல்லது அச்சு மேலே இருப்பதற்குப் பதில் கீழே வருமாறு எதிர்ப்பக்கம் திருப்புங்கள். அதே தொய்வு இரண்டு நிலையிலும் கிடைக்கும். அச்சின் உயரம் மாறியிருக்கும் என்பதால் முன் சீட்டின் உயரத்தை மட்டும் மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

தொய்வே கூடாது என்று வீணைத் தந்தி போல இழுத்து வைப்பதும் தவறு. பேரிங் அரைபடும், மிதி கனக்கும், தாழ்ந்த குரலில் ஒரு உறுமல் கேட்கும்.

டைமிங் செயினை மாற்றுவதாக இருந்தால் ஒரு கணக்கு. எங்கள் வண்டியில் இரண்டு அச்சுகளுக்கும் இடையே 700 மி.மீ., பல்சக்கரம் இரண்டிலும் 39 பல். செயினின் ஒவ்வொரு கண்ணியும் 12.7 மி.மீ. என்பதால் 150 கண்ணி தேவை. கடையில் கிடைக்கும் செயினில் பெரும்பாலும் 114 அல்லது 116 கண்ணிதான். ஆகவே இரண்டு செயின் வாங்க வேண்டும். மீதியைத் தூக்கிப் போடாதீர்கள், வழியில் உதவும் உதிரி அதுதான்.

பின்னால் இருப்பவருக்கு மிதி ஏதோ பிசகாக இருக்கிறது

செயினைக் கழற்றி மாட்டியபின் இந்தக் குறை வந்தால், ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டீர்கள். 39 பல் சக்கரத்தில் ஒரு பல் என்பது 9 டிகிரிக்கும் சற்று மேல். கண்ணுக்கு எளிதில் தெரியாது, காலுக்குத் தெரியும். முன் கிராங்கைச் செங்குத்தாகக் கீழே நிறுத்தி, நூலில் ஒரு நட்டைக் கட்டித் தூக்குக்குண்டு போலத் தொங்கவிட்டுப் பாருங்கள். பின் கிராங்கையும் அப்படியே பாருங்கள். இரண்டும் நூலோடு ஒன்றவில்லை என்றால் செயினை எடுத்து ஒரு பல் தள்ளி மாட்டினால் போதும்.

கிராங்கின் நீளம் இருவருக்கும் வேறாக இருந்தால் இந்தப் பிசகு வருமா என்று சிலர் பயப்படுவார்கள். வராது. எனக்கு 172.5 மி.மீ., அக்காவுக்கு 155 மி.மீ. இணைப்பைத் தீர்மானிப்பது பற்களின் எண்ணிக்கை மட்டுமே.

மிதிக்கும்போது கிறீச் கிறீச்சென்று சத்தம்

டேண்டத்தில் ஆளை அதிகம் அலையவிடும் கோளாறு இதுதான். பெரிய சட்டம் முழுக்க சத்தம் பயணிப்பதால் முன்னால் எழும் சத்தம் பின்னால் கேட்கும். காதை வைத்து இடத்தைச் சொல்ல முடியாது, ஒவ்வொன்றாக விலக்கித்தான் போக வேண்டும்.

டேண்டத்தில் நமக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. ஒருவர் அழுத்தி மிதிக்கும்போது மற்றவர் காலைச் சும்மா சுழல விடலாம். பின்னால் இருப்பவர் மட்டும் அழுத்தும்போது சத்தம் நின்றால் கோளாறு முன் கிராங்க், முன் பெடல், எக்சென்ட்ரிக், டைமிங் செயின் இவற்றில் ஒன்று. நிற்கவில்லை என்றால் பின்பக்கம். அடுத்து இருவரும் சீட்டிலிருந்து எழுந்து மிதியுங்கள். சத்தம் நின்றால் சீட்டோ சீட் போஸ்ட்டோதான். பின்னால் இருப்பவர் கையை ஹேண்டில்பாரில் லேசாக வைத்தும், இறுக்கி இழுத்தும் பார்க்கட்டும். இழுக்கும்போது மட்டும் வந்தால் கோளாறு பின் ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் என்ற துண்டில்.

எங்களுக்கு இந்தச் சத்தம் ஏற்றத்தில் மட்டும் வந்தது. பெடலைக் கழற்றி கிரீஸ் வைத்தேன், பல்சக்கர போல்ட்டுகளை முடுக்கினேன், சீட் போஸ்ட்டைத் துடைத்தேன். ஒன்றும் மாறவில்லை. “தம்பி, என் காலுக்குக் கீழே இல்லடா, உன் காலுக்குக் கீழே ஏதோ அரைபடுது” என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் எக்சென்ட்ரிக்கை வெளியே எடுத்தேன். உருளையும் அதைச் சுற்றியிருந்த குழாயும் ஈரமே இல்லாமல் உலர்ந்து கிடந்தன. இரண்டையும் துடைத்து, கெட்டி கிரீஸ் தடவி உள்ளே விட்டதும் சத்தம் அடியோடு போய்விட்டது. புது வண்டி என்பதால் கிரீஸ் இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். புது வண்டியானாலும் எக்சென்ட்ரிக்கை ஒருமுறை திறந்து பாருங்கள்.

சட்டத்தைப் பிரித்து எடுத்துச்செல்லும் திருகு கப்ளிங் இருந்தால், சத்தத்துக்கு அதுவும் ஒரு காரணம். பற்களில் ஒட்டிய மண்ணைத் துடைத்து, மரையில் கிரீஸ் வைத்து, அதற்கென்றே தரும் ஸ்பேனரால் முடுக்க வேண்டும். கை முடுக்கு போதாது. சேர்த்த முதல் மூன்று நான்கு நாள், காலையில் கிளம்பும்போது ஒவ்வொன்றையும் ஸ்பேனர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

இடது பெடல் எத்தனை முறை முடுக்கினாலும் தளர்கிறது

சாதாரண சைக்கிளில் இடது பெடலுக்கு எதிர்மரை இருப்பது தெரிந்ததே. டைமிங் செயின் இடப்பக்கம் ஓடுவதால் அங்கேயும் பல்சக்கரம் மாட்டும் கிராங்க் தேவை. டேண்டத்துக்கென்று செய்த கிராங்கில் இதற்கு எதிர்மரையே போட்டிருப்பார்கள். காசை மிச்சம் பிடிக்க, சாதாரண சைக்கிளின் வலது கிராங்கை இடப்பக்கம் மாட்டிவிட்டால் மரை நேர்மரையாக இருக்கும். மிதிக்க மிதிக்க பெடல் தானே கழன்று வரும். மரைப் பசை போட்டு ஊருக்குள் சமாளிக்கலாம். 1,500 கி.மீ.க்கு அதை நம்பிப் போகாதீர்கள், கிராங்கை மாற்றுங்கள்.

நீண்ட இறக்கத்தில் பிரேக் லீவர் ஹேண்டில்பார் வரை வந்துவிடுகிறது

இதை மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். நிறுத்துங்கள், இறங்குங்கள். ரோட்டரையும் ரிம்மையும் கையால் தொட வேண்டாம், தோல் வெந்துவிடும்.

எவ்வளவு வெப்பம் என்பதற்கு ஒரு கணக்கு. நாங்கள் இருவர், வண்டி, சாமான் சேர்ந்து 180 கிலோ. 150 மீட்டர் உயரத்திலிருந்து பிரேக் பிடித்தபடியே மெதுவாக இறங்கினால் சுமார் 265 கிலோஜூல் சக்தி பிரேக்குக்குப் போகிறது. முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அந்த வெப்பம் முழுவதும் ஒரு மெல்லிய தகட்டிலும் இரண்டு கட்டைகளிலும் இறங்குகிறது.

கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக் என்றால் பெரும்பாலும் பேட் (ரோட்டரை அழுத்தும் கட்டை) தேய்ந்ததுதான் காரணம். பேட்டை ரோட்டருக்கு அருகே கொண்டுவர, பேட்டுகளைத் தாங்கும் காலிப்பரில் திருகு இருக்கும், அதைத் திருப்புங்கள். கேபிளை இழுத்து இறுக்கி ஈடுகட்டுவது தவறு. காலிப்பரின் கை பாதி வழி போன நிலையிலேயே நிற்கும், பிடிக்கும் பலம் குறையும். பின் பிரேக் எப்போதுமே பஞ்சு போல இருந்தால் நீளமான கேபிள் உறை அழுந்துவதுதான் காரணம். பிரேக்குக்கென்று வரும் அழுந்தாத உறையைப் போட்டுப் பாருங்கள், லீவர் கல் மாதிரி உறுதியாகும்.

ஆயில் பிரேக்கில் மேலே நன்றாகப் பிடித்து, இறங்க இறங்க லீவர் சோர்ந்துபோனால் திரவம் கொதித்து ஆவி கட்டியிருக்கிறது. ஆறியதும் மறுபடி பிடிக்கும். சரியாகிவிட்டது என்று நம்பி இறங்காதீர்கள், அடுத்த இறக்கத்தில் மறுபடி அதேதான். டாட் (DOT) வகைத் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பழையதாக ஆக, கொதிக்கும் வெப்பநிலை குறையும். பயணத்துக்கு முன் புதிதாக மாற்றிவிடுங்கள். ரோட்டர் 160 மி.மீ. இருந்தால், சட்டமும் ஃபோர்க்கும் இடம் கொடுக்கும்பட்சத்தில், 203-க்குப் போங்கள். பேட் பிசின் வகையா, உலோகத் தூளை அழுத்திச் செய்த வகையா என்று பாருங்கள். டேண்டத்துக்கு இரண்டாவதுதான் தாங்கும்.

ரிம் பிரேக் வண்டியில் ஆபத்து வேறு. ரிம் சூடேறி, உள்ளே காற்றழுத்தம் கூடி, டயர் வெடிக்கலாம். அதற்காகத்தான் பழைய டேண்டங்களில் மூன்றாவதாக ஒரு டிரம் பிரேக்கைப் பின் ஹப்பில் வைத்தார்கள். பின்னால் இருப்பவர் அதை இறக்கத்தின் உச்சியிலேயே போட்டுவிட்டு அடியில் எடுப்பார்.

ஓட்டும் முறையும் முக்கியம். மெதுவாகத் தேய்த்துக்கொண்டே இறங்காமல், பாதை தெளிவாக இருக்கும் இடத்தில் ஓடவிட்டு, வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து, விட்டுவிடுங்கள். வேகமாகப் போகும்போது காற்றும் கொஞ்சம் வேகத்தைத் தின்னும், பிரேக்கும் ஆறும். செங்குத்தும் வளைவும் ஒன்றாக வந்தால் பாதி வழியில் நின்று ஆறவிடுங்கள். நாங்கள் அப்படி நின்ற இடங்களில்தான் அக்காவுக்குக் கடல் எந்தப் பக்கம் தெரிகிறது என்று சொல்லியிருக்கிறேன்.

‘டிங்’ என்று ஒரு ஓசை, அப்புறம் சக்கரம் ஆடுகிறது

பின் சக்கரத்தில் ஸ்போக் உடைந்துவிட்டது. ஹப்பின் ஓரத்தில் வளையும் இடத்தில்தான் பெரும்பாலும் உடையும். எடை தாங்காமல் அறுந்தது என்று நினைப்போம். உண்மையில் பல நேரம் ஸ்போக் போதிய இறுக்கத்தில் இல்லாததுதான் காரணம். சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் தரைப்பக்கம் வரும் ஸ்போக்கின் இழுவிசை குறைந்து மீளும். ஏற்கெனவே தளர்ந்த ஸ்போக் முழுக்கத் தொய்ந்து, அந்த வளைவில் மடங்கி நிமிரும். கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பது போலத்தான்.

எனவே ஒன்று உடைந்தால் அதை மட்டும் மாற்றிவிட்டு, கோட்டம் எடுத்துவிட்டுப் போகாதீர்கள். எல்லா ஸ்போக்கின் இறுக்கத்தையும் பாருங்கள். ஒரே பக்கத்து ஸ்போக்குகளை விரலால் சுண்டினால் ஏறத்தாழ ஒரே சுருதி வர வேண்டும். இறுக்கியபின் இணையாக ஓடும் ஸ்போக்குகளை இரண்டிரண்டாகக் கைக்குள் பிடித்துப் பலமாக அமுக்குங்கள். முறுக்கு விடுபடும், வளைவுகள் ஹப்பில் ஒழுங்காக உட்காரும். மறுபடி கோட்டம் பாருங்கள்.

இன்னும் சக்கரம் செய்து வாங்காதவர்கள் 40 ஸ்போக், 145 மி.மீ. அகல ஹப் என்று கேளுங்கள். அந்த அகலத்தில் இரண்டு பக்க ஸ்போக்கும் ஏறத்தாழச் சமமாக இழுபடும், சக்கரம் உறுதியாக நிற்கும். உதிரி ஸ்போக்கை இரண்டு பக்கத்துக்கும் அளந்து, பக்கத்துக்குக் குறைந்தது மூன்றைச் சட்டத்தோடு டேப் போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். கியர்ப் பக்கம் உடைந்தால் கேசட்டை (பின் சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) கழற்றாமல் ஸ்போக் உள்ளே போகாது. அதற்கான கருவி பையில் இருக்கிறதா?

கியர் தானாகத் தாவுகிறது, அல்லது ஏற மறுக்கிறது

பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் கேபிள் தளர்ந்திருக்கிறது, இறுக்கும் திருகை அரைச் சுற்று திருப்புங்கள். பெரியதுக்கு நன்றாக ஏறி, சின்னதுக்கு இறங்கத் தயங்கினால் கேபிள் உறைக்குள் உராய்வு. திருகைத் திருப்பி இதைத் தீர்க்க முடியாது, உறையை மாற்ற வேண்டும். இருவரும் அழுத்தும்போது மட்டும் தாவினால், கியர் மாற்றி தொங்கும் கொக்கி வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சாதாரண இரண்டு மீட்டர் கேபிள் டேண்டத்தில் பின்பக்கம் எட்டாது. மூன்று மீட்டர் கேபிள் வழியிலுள்ள சின்ன ஊர்க் கடைகளில் கிடைப்பது அரிது, கையில் ஒன்று வைத்திருங்கள்.

வேகத்தில் முன்பக்கம் நடுங்குகிறது

அந்த நொடியில் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள், நடுக்கம் கூடும். முன்னால் இருப்பவர் ஒரு முழங்காலைச் சட்டத்தில் அழுத்த வேண்டும். பின்னால் இருப்பவர் அசையாமல் எடையைப் பெடலில் இறக்க வேண்டும். பின் பிரேக்கை மெல்லப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள்.

நின்றபின் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கடகடவென்றால் ஹெட்செட் தளர்வு. அது சரியாக இருந்தால் சாமானைப் பாருங்கள். ஹேண்டில்பார் பையில் கனம் அதிகமா, இடமும் வலமும் சமமா, பின் ரேக்கின் போல்ட் ஒன்று காணாமல் போயிருக்கிறதா? எங்களுக்கு ஹேண்டில்பார் பையிலிருந்த பூட்டைப் பின் பைக்கு மாற்றியதும் நடுக்கம் நின்றது.

முன் சீட் பக்கவாட்டில் திரும்பிக்கொள்கிறது

பின் ஹேண்டில்பார் முன் சீட் போஸ்ட்டில்தான் மாட்டியிருக்கிறது. ஏற்றத்தில் பின்னால் இருப்பவர் இழுத்தால் போஸ்ட்டே திரும்பும். போல்ட்டைக் கண்மூடி முடுக்கினால் அலுமினியம் நசுங்கும். போஸ்ட்டைக் கழற்றி, எண்ணெய் போகத் துடைத்து, மணல் கலந்த பிடிப்புப் பசையைத் தடவுங்கள். போஸ்ட்டின் விட்டம் சட்டத்துக்குச் சரியானதா என்றும் அளந்து பாருங்கள்.

பின்னால் இருப்பவருக்குக் கை மரத்துப்போகிறது, உட்கார முடியவில்லை

இதையும் வண்டியின் கோளாறாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். முன்னால் இருப்பவர் குழியைப் பார்த்துச் சீட்டிலிருந்து லேசாக எழுந்துவிடுவார். பின்னால் இருப்பவருக்குப் பார்வை நன்றாக இருந்தாலும் முன்னால் தெரிவது ஒரு முதுகுதான். ஒவ்வொரு அடியையும் அவர் முழுசாக வாங்குகிறார். அதிர்வு தாங்கும் சீட் போஸ்ட் பின்னால் அவசியம். ஹேண்டில்பார் எட்டும் தூரத்தையும் அவருக்காகவே மறுபடி அளந்து வையுங்கள். நம் வசதிக்கு வைத்ததை அவர் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

மீதி வாய்ச்சொல்லில் இருக்கிறது. “குழி”, “கியர்”, “நிறுத்துறேன்”, “எழுந்துக்கலாம்” என்று நான்கே சொல் வைத்துக்கொண்டோம். கால் மணிக்கு ஒருமுறை “எழுந்துக்கலாம்” சொல்லி இருவரும் சில நொடி எழுந்து நிற்போம். மூன்றாம் நாளிலிருந்து அக்காவின் கை மரப்பு குறைந்தது.

ரயிலில் கொண்டுபோய்ச் சேர்த்தபின் எதுவும் சரியில்லை

பிரிட்டனில் பல ரயில்களில் டேண்டத்தை முழுதாக ஏற்ற விட மாட்டார்கள். லேண்ட்ஸ் எண்டுக்கு அருகிலுள்ள நிலையம் பென்சான்ஸ். அதுவரை பிரித்துத்தான் கொண்டுபோனோம். சேர்த்தபின் வரும் குறைகள் எல்லாம் அளவு மாறியதால் வருபவை. பிரிக்கும் முன்பே இரண்டு சீட் உயரத்தையும், எக்சென்ட்ரிக் நிற்கும் கோணத்தையும், ஹேண்டில்பாரின் சாய்வையும் டேப்பாலும் பெயின்ட்டாலும் குறித்துவிடுங்கள். கேபிள் இணைப்புகளில் எது முன் கியர், எது பின் கியர் என்று நிறம் கட்டுங்கள்.

சேர்க்கும் வரிசை: முதலில் சட்டம், அப்புறம் டைமிங் செயினும் தூக்குக்குண்டுச் சோதனையும், பிறகு சக்கரங்கள், பிரேக், கடைசியில் கியர். வீட்டில் ஒருமுறை முழுசாகப் பிரித்துச் சேர்த்துப் பாருங்கள். எங்களுக்கு முதல் தடவை நான்கு மணி நேரம் ஆனது, பென்சான்ஸ் நிலையத்து வாசலில் ஒன்றே முக்கால். கப்ளிங்குகளை அக்காவே கையால் தடவி, ஒவ்வொன்றாக ஸ்பேனர் போட்டு முடுக்கினாள்.